ட்ராவல்ஸ் ஓனர் சம்சாரம்

தபீதாளுக்கு வலது எது, இடது எது என்று சட்டென்று சொல்ல வராது. நாற்பதைத் தாண்டிய பொம்பளை, சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் படுத்த படுக்கையான பெரியவர்களைத் தூக்கி உட்கார வைத்து, மாத்திரை கொடுத்து, சுகர் பார்த்து, ஊசி போடுகிற ஹோம் நர்ஸ். மருந்து விஷயத்தில் ஒரு பிசகு வராது. ஆனால் "ரைட்ல திரும்பு" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு கணம் முழிப்பாள். அப்புறம் வலது கை விரல்கள் மடியில் தன்னால் அசையும், சோறு பிசைகிற மாதிரி. ஓ, இதுதான் சோத்தாங்கை, அப்போ இதுதான் ரைட்டு. பிசைந்து பார்த்த பிறகுதான் வாய் திறக்கும்.

நான் அவளுக்கு மேல் வீடு. நஃபீசா, டெய்லர். கீழே அவள் வீட்டில் தாளிக்கிற வாசனையை வைத்தே இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன். இந்தக் கதையை அவளே மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொல்லி அழுதாள். அழுதாள் என்பதற்காக நான் உருகிவிடவில்லை. "நல்லா வேணும்டி உனக்கு" என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்காரர் பெயர் சுந்தர்சிங். பெயரில்தான் சிங், தாடியும் கிடையாது, தலைப்பாகையும் கிடையாது. ஏர்போர்ட்டில் ஏறுகிற வடநாட்டுக்காரர்கள் பெயரைப் பார்த்துவிட்டு இந்தியில் ஆரம்பிப்பார்கள். மனுஷன் "நோ இந்தி, ஒன்லி ஜீசஸ்" என்று சிரிப்பார். ஆப்பில் ஓடுகிற கால் டாக்ஸி. ஒரே ஒரு வெள்ளைக் கார், அதுவும் லோனில் ஓடுகிறது. அந்தக் காரைத் துடைக்கிற அளவுக்கு அவர் தன் முகத்தை ஒரு நாளும் துடைத்துக்கொண்டதில்லை.

தபீதாளின் பெரியம்மா மகள் இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள், இந்த மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி ஒன்று இருக்கிறது, வீடியோவில் இன்டர்வியூ வைப்பார்கள், அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும் என்று. கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே டெனிஸ் சார் இத்தாலியன் வகுப்பு எடுக்கிறார். பல வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். சுந்தர்சிங்தான் அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். "நீ போய் சம்பாரிக்கிறியோ இல்லியோ, ஒரு பாஷ கத்துக்கினு வா தபீ. நம்ம பரம்பரைல எவனும் கத்துக்கல" என்றாராம்.

முதல் நாள் வகுப்பிலேயே சனியன் பிடித்தது. ஒவ்வொருவராக எழுந்து குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜீவிதா என்று ஒருத்தி, ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர் என்றாள். கைனாத் என்று ஒரு சின்னப் பெண், பொழிச்சலூர். அங்கே டிசைன் படிக்கப் போகிறாள், அப்பா தோல் ஏற்றுமதி வியாபாரம் என்றாள். அடுத்தது தபீதாள். வாயில் வந்தது என்ன தெரியுமா? "ட்ராவல்ஸ் வெச்சிருக்காரு."

டெனிஸ் சார் உடனே போர்டில் எழுதிப்போட்டார். மியோ மரீதோ எ தித்தோலாரே தி உன் அஜென்ஸியா தி வியாஜ்ஜி. என் கணவர் ஒரு ட்ராவல்ஸ் கம்பெனியின் உரிமையாளர். இவள் அதை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி மனப்பாட வசனம் மாதிரி நெட்டுருப் போட்டுக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் மறைத்தது முழுப் புருஷனை.

அந்த மனுஷனுக்கு இது எங்கே தெரியும்? வகுப்பில் டாக்ஸி டிரைவருக்கு வழி சொல்வது என்று ஒரு பாடம் வந்தது. சுந்தர்சிங்குக்கு ஏக சந்தோஷம். "அட, நம்ம சப்ஜெக்ட்!" காலையில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது மேப்பை அணைத்துவிடுவார். "நீ சொல்லு, நான் போறேன். தமிழ் பேசுனா வண்டி நின்னுடும்." அவள் முன் சீட்டில் உட்கார்ந்து விரலை மடியில் பிசைந்துகொண்டு சொல்வாள். ஆ தெஸ்த்ரா என்றால் வலது பக்கம். ஆ சினீஸ்த்ரா என்றால் இடது பக்கம். செம்ப்ரே திரித்தோ என்றால் நேராகப் போய்க்கொண்டே இரு. சி ஃபெர்மி குவி என்றால் இங்கே நிறுத்துங்கள். அவள் எங்கே திரும்பச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு திரும்புவார். ஒருநாள் ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் ஏதோ ஏரிக்கரைச் சேற்றில் போய் நின்றார்கள். "நீ சொன்ன, நான் வந்தேன். எதுர்ல எரும கீது. எறங்கு, எறங்கி அதாண்ட இத்தாலில வழி கேளு" என்றாராம். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அவருக்கு அவள் வாயே தேவைப்படவில்லை. ஓரக்கண்ணில் அவள் வலது கை பிசைவதைப் பார்த்ததும் அவர் கை இண்டிகேட்டருக்குப் போய்விடும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் "என் சம்சாரம் இத்தாலி பேசுது மச்சான்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தார். அவளோ வகுப்பு முடியும் நேரத்தில் அவர் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். "அங்க வண்டி நிறுத்த எடமில்லைங்க, அந்த முனையில நில்லுங்க." அவரும் முனையிலேயே நின்றார்.

அந்த முனைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. வகுப்பு முடிந்து மூன்று பேருமாக மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் விசா போட்டோ எடுத்துக்கொள்வது என்று முடிவு. தபீதாள் "நான் லேட்டாத்தான் வருவேன், நீங்க ட்ரிப் பாருங்க" என்று அவருக்கு போன் பண்ணிவிட்டாள். அவரும் ஆப்பை ஆன் பண்ணினார். பேக்கரி வாசலில் நின்று கைனாத் கார் புக் பண்ணினாள். கிட்டத்தில் இருக்கிற வண்டியைத்தானே அது அனுப்பும்? வேறு எந்த வண்டி கிட்டத்தில் இருக்கப் போகிறது?

வெள்ளைக் கார் வந்து நின்றபோது தபீதாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுந்தர்சிங் கண்ணாடியை இறக்கிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மழைக்காகத் தலையில் போட்டிருந்த முந்தானையை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டு, கைனாத்துக்குப் பின்னாலேயே பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் நின்றுவிட்டு, அப்புறம் போனது.

"ஓடிபி சொல்லுங்க மேடம்" என்றார். கைனாத் சொன்னாள்.

வண்டி நகர்ந்ததும் ஜீவிதா ஆரம்பித்தாள். "என்னக்கா, உங்க ஹஸ்பெண்டுக்குத்தான் ட்ராவல்ஸ் இருக்கே. ஒரு கார் அனுப்பச் சொல்லக் கூடாதா? நாங்க ஓசில போயிருப்போம்ல?"

"அவருக்கு இன்னைக்கு வண்டியெல்லாம் அவுட்ஸ்டேஷன் போயிருக்கும்மா" என்றாள் தபீதாள். அடிப் பாவி, வண்டியெல்லாமாம்! உட்கார்ந்திருப்பதே அந்த ஒரே வண்டியில். கண்ணாடியில் அவர் கண் ஒரு தடவை மேலே வந்தது, பிறகு ரோட்டுக்குப் போய்விட்டது. அப்போதுதான் அவருக்குத் தான் ஓனர் என்பது தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் கைனாத் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். "அண்ணா, வண்டில என்ன ஸ்மெல்?"

முன் சீட்டில் டிபன் டப்பா. காலையில் தபீதாள் கட்டிக்கொடுத்த சோறும் கருவாட்டுக் குழம்பும். "சாப்பாடு மேடம். வூட்ல கட்டிக் குடுத்தது. ட்ரிப் வந்ததால சாப்டல. சாரி" என்றார். எனக்குப் பொறுக்காத இடம் இதுதான். தபீதாள் என்ன செய்தாள் தெரியுமா? தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கிவிட்டாள். தான் வைத்த குழம்பின் வாசனை தனக்கே ஆகவில்லை என்பதுபோல. மழைச் சாரல் உள்ளே அடித்தது.

கைனாத் விளையாட்டுப் பெண். "அக்கா, இன்டர்வியூ வருதுல்ல? இந்த டிரைவர் அண்ணனுக்கு இத்தாலியன்ல வழி சொல்லுங்க. நான் மேப் பாத்துக்கறேன். அண்ணா, சும்மா ப்ராக்டிஸ், நீங்க கண்டுக்காதீங்க" என்றாள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை அவளுக்கு. கேம்ப் ரோடு சந்திப்பில் ஆ சினீஸ்த்ரா என்றாள், சரியாகத்தான் சொன்னாள். வண்டி இடது பக்கம் திரும்பியது. செம்ப்ரே திரித்தோ என்று மேம்பாலம் தாண்டி மேற்குத் தாம்பரம் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். பெண்கள் இரண்டும் கைதட்டின. அந்த நேரம் அவளுக்குப் பெருமையாகக் கூட இருந்ததாம். அதையும் மறைக்காமல் என்னிடம் சொன்னாள்.

மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அவளுக்கு வழி தெரியும். மடியில் கை சோறு பிசைந்தது. ஆனால் பதற்றத்தில் வாய் மறுபடியும் ஆ சினீஸ்த்ரா என்றது. சுந்தர்சிங் கண்ணாடியில் கையைத்தான் பார்த்தார். பழக்கம். வண்டி வலது பக்கம் திரும்பிவிட்டது.

"ஐயோ, அக்கா லெஃப்ட்டுனுதானே சொன்னீங்க? ஆனா ரைட்டுதான் கரெக்ட்!" கைனாத் மேப்பைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணா, எப்படிண்ணா தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்வதற்குள் தபீதாள் முந்திக்கொண்டாள்.

"இந்த டிரைவருங்களே இப்படித்தாம்மா. நாம சொல்றத எங்க கேக்கறாங்க? அவங்க இஷ்டத்துக்குத்தான் திருப்புவாங்க."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டினால்?

"சாரி மேடம். மேப் காட்டுச்சு" என்றார் சுந்தர்சிங். மேப் அணைந்துதான் கிடந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஸ்டூடியோ வாசலில் சி ஃபெர்மி குவி என்று சொல்ல அவளுக்குக் குரல் வரவில்லை. வண்டி தானாக நின்றது. இறங்கும்போது எல்லாக் கஸ்டமருக்கும் சொல்வதுபோலவே, "ரேட்டிங் போட்டுடுங்க மேடம்" என்றார். சொன்னது கைனாத்திடம். பார்த்தது இவளை. போட்டோவில் இவள் முகம் விகாரமாக விழுந்து, இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் வழக்கம்போல் வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவினார், டிவி போட்டார். டிபன் டப்பா திறக்காமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. "ட்ரிப் மேல ட்ரிப்பு. டைம் கெடைக்கல" என்றார். அவள் மெதுவாக, "ஏங்க, மத்தியானம்..." என்று ஆரம்பித்தாள்.

"மத்தியானம் இன்னா? மழ. செம மழ" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "இனிமே கருவாடு வாணாம் தபீ. கஸ்டமருக்கு வாசன ஆவல" என்றார்.

கத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட நான் கீழே இறங்கிப் போய் அவரை நாலு கேட்டிருப்பேன், இவளுக்கும் மனசு ஆறியிருக்கும். மனுஷன் ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்துகொண்டார். காலையில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டார். ஆனால் மேப்பை அணைக்கவில்லை. போனுக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் வழி சொல்லிக்கொண்டே வர, இவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ப்ராக்டிஸ் பண்ணலாமா?" என்று கேட்டதற்கு, "நீயே சொல்லிப் பாத்துக்கோ. எனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் தண்ணீர் பாட்டில், துண்டு, வேதப் புத்தகம் எல்லாம் பரப்பி வைத்திருந்தது. சுந்தர்சிங் சுற்றி வந்து அவளுக்குப் பின் கதவைத் திறந்துவிட்டார். கோபமாக இல்லை, ரொம்ப மரியாதையாக. எனக்கு அப்போது விஷயம் தெரியாது. மேலேயிருந்து பார்த்துவிட்டு, "இன்னாடி, ஓனரம்மா மாதிரி பின்னால ஏறிக்கினு போற?" என்று கத்தினேன். அவள் முகம் செத்துப்போனது. மறுநாள் மொட்டை மாடியில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ட்ரைவர் பொண்டாட்டினு சொன்னா உன் கிரீடம் கீழ விழுந்துடுமா?" என்று கேட்டேன். "நீ மட்டும் என்ன, கலெக்டரா?"

"தெரியலக்கா. அவங்க எல்லாரும் அப்படிப் பேசவும் எனக்குக் கூச்சமாப் போச்சு. இப்போ அத நெனச்சா அதைவிடக் கூச்சமா இருக்கு. என் மூஞ்சிய எனக்கே கண்ணாடில பாக்கப் புடிக்கல."

"போய்க் கால்ல விழு."

"விழலாம்க்கா. அவர் நிக்கணுமே. நான் வாய் தொறந்தா வண்டி சாவிய எடுத்துடறாரு."

இன்டர்வியூ நாள் வந்தது. டெனிஸ் சாரின் லேப்டாப்பில் தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரம்மா. பெரியவர்களை எப்படிக் குளிப்பாட்டுவாய், என்ன சமைப்பாய், பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவாய் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், உன் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். மனப்பாட வசனம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டதாம். விழுங்கிக்கொண்டு, "மியோ மரீதோ எ தஸ்ஸீஸ்தா" என்றாள். என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறார். டெனிஸ் சார் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைக்காரம்மா சிரித்துத் தலையாட்டினாள். வேலைக்கும் சரி என்று சொல்லிவிட்டாள்.

இதை அவள் ரொம்பப் பெரிதாக என்னிடம் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் உண்மை சொல்ல என்ன வீரம் வேண்டிக்கிடக்கிறது? சொல்ல வேண்டியவர்கள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ரிசல்ட் கேட்கக் கைனாத்தும் ஜீவிதாவும் படியிலேயே காத்திருந்து, அவளைக் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டபடி கீழே கூட்டிவந்தார்கள். பேக்கரி வாசலிலேயே வெள்ளைக் கார் நின்றது. முனையில் இல்லை, வாசலில். பொறுக்கவில்லை மனுஷனுக்கு, எத்தனை மனஸ்தாபம் இருந்தாலும் பாஸா ஃபெயிலா என்று தெரிந்தாக வேண்டும். அவள் தனியாக வருவாள் என்று நினைத்திருக்கிறார். கூட இரண்டு பேரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே கண்ணாடியை இறக்கினார்.

"மேடம், நீங்களா புக் பண்ணது? ரேஷ்மானு பேர் வந்துகீது."

அவளுக்குத் தப்பிக்க வழி விட்டுக்கொடுத்தார். அவளைத் தெரியாது என்று இந்தத் தடவை அவரே சொல்லிவிட்டார்.

"இல்லண்ணா, நாங்க இல்ல" என்றாள் கைனாத். அப்புறம் தபீதாளின் காதில் குசுகுசுவென்று, "அக்கா, இது அன்னைக்கு வந்த கருவாட்டு அண்ணன் இல்ல?" என்று கிளுக்கென்று சிரித்தாள்.

பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு காரை ஒட்டிப் போனது. சுந்தர்சிங் கண்ணாடியை ஏற்ற ஆரம்பித்தார்.

"அந்தக் கருவாட்டுக் குழம்பு நான் வெச்சது கைனாத்" என்றாள் தபீதாள். "இவர் என் வீட்டுக்காரர். ட்ராவல்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த ஒரு வண்டிதான்."

கைனாத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜீவிதா காரையும் தபீதாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு வண்டிக்குள் பேசினதெல்லாம் ஒவ்வொன்றாக அவர்கள் இரண்டு பேர் முகத்திலும் வந்து போனதைத் தபீதாள் பார்த்தாள். அதைப் பார்க்கிறதற்குப் பதில் அந்த பஸ் தன் மேல் ஏறியிருக்கலாம் என்று இருந்ததாம்.

"சாரி அண்ணா" என்றாள் கைனாத், தரையைப் பார்த்து.

"அய்ய, இன்னாத்துக்குமா? ஏறுங்க, ஸ்டேஷன்ல உட்டுடறேன்" என்றார் சுந்தர்சிங். அவர்கள் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று அவசரமாக நடந்தார்கள். போகும்போது தபீதாளிடம் வருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் முன் கதவைத் திறந்தாள். பாட்டிலையும் துண்டையும் வேதப் புத்தகத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. மேப் பேசவில்லை.

"பாஸா?" என்றார்.

"பாஸ்."

"தெரியும் எனக்கு." கொஞ்ச தூரம் போனார். "அவங்களாண்ட இன்னாத்துக்குச் சொன்ன? நான்தான் சமாளிச்சேனே."

அவள் மடியில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நான் வண்டில சொன்னது... அது..."

"அந்த டிரைவர்கிட்ட சொன்னதுதானே. அவன் அப்பவே மறந்துட்டான் தபீ. நாளைக்கு நாலு கஸ்டமரு அப்படித்தான் பேசுவாங்கோ. அத்தெல்லாம் மனசுல வெச்சுக்கினா வண்டி ஓட்ட முடியுமா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்காரனுக்குத்தான் மறக்கல" என்றார்.

எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முனை வந்தது. துண்டுக்கு அடியில் அவள் வலது கை பிசைந்துகொண்டே இருந்தது. அவர் அந்தக் கைப் பக்கம் பார்க்காமலே வண்டியைத் திருப்பினார்.